கரையோரப் பாய்மரப் பயணத்தில் சாப்பாட்டுக்கு எந்த இடம்?

வாசகர் ஒருவரின் கேள்வி:

நாங்கள் மூன்று பாய்மரப் படகுகள், எல்லாரும் பழைய நண்பர்கள். கரையை ஒட்டியே, காற்றோடு கீழ்நோக்கி இறங்கிப் போகத் திட்டம். பகலில் ஓட்டம், இரவில் நங்கூரம். என் கருத்து, படகில் சமைப்பதும் கூடிச் சாப்பிடுவதும் வீண் வேலை. ஆளாளுக்குப் பொட்டலம் எடுத்துக்கொண்டு பசித்தபோது தின்றுவிட்டு ஓட்டத்தில் கவனம் வைப்பதே நல்லது. கூடிச் சாப்பிடுவதைப் பயணம் முடிந்தபின் வைத்துக்கொள்ளலாம். யாராவது மறுக்கிறீர்களா?

ஜனவரி 4

மறுக்கிறேன். பொட்டலத்தோடு எனக்குத் தகராறு இல்லை. "ஆளாளுக்கு, பசித்தபோது" என்பதோடுதான் தகராறு.

ஒரு நாளில் ஒரு வேளையாவது எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும். நட்புக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை, படகை ஒழுங்காக ஓட்டுவதற்கே அது தேவைப்படுகிறது. கடலில் களைப்பை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். "முடியுதா?" என்று கேட்டால் "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்" என்றுதான் பதில் வரும். சாப்பிட உட்கார்ந்தால் தெரிந்துவிடும். வழக்கமாக நன்றாகச் சாப்பிடுகிறவர் இரண்டு வாயோடு தட்டை ஒதுக்கினால், மறுநாள் விடியற்காலையில் அவர் கையில் சுக்கானைக் கொடுக்கக்கூடாது. தனித்தனியாகத் தின்றால் இது யார் கண்ணிலும் படாது.

அப்புறம், மறுநாள் எப்போது கிளம்புவது, காற்று ஏறினால் எந்த ஒதுக்கிடத்துக்குள் நுழைவது, யார் படகில் எது பழுது என்பதெல்லாம் ரேடியோவில் பேசித் தீர்வதில்லை. படகுக்குப் படகு பேசும் வி.எச்.எஃப். ரேடியோவில் ஒருவர் பொத்தானை அழுத்திப் பேசும்போது மற்றவர்கள் குறுக்கே ஒன்றும் சொல்ல முடியாது. சாப்பாட்டில் உட்கார்ந்தால் வரைபடத்தை நடுவில் விரித்து எல்லாரும் ஒரே நேரத்தில் பேசலாம். சந்தேகம் இருக்கிறவரின் முகமும் தெரியும்.

பழைய பாய்க்கப்பல்களில் ஆட்களை இரண்டு குழுவாகப் பிரித்து மாறி மாறி வேலைக்கு நிறுத்துவார்கள். காவல் எனப்படும் அந்த முறை நான்கு மணி நேரத்துக்கு ஒன்று. ஆனால் மாலை 4 முதல் 8 வரையுள்ள காவலை மட்டும் இரண்டிரண்டு மணியாக உடைத்தார்கள். 24 மணி நேரத்தில் காவல்கள் ஆறுக்குப் பதில் ஏழாகிவிடும், அதனால் இரண்டு குழுக்களுக்கும் தினமும் ஒரே நேரம் விழாது. அதோடு இரு குழுவும் மாறி மாறி இறங்கி மாலைச் சாப்பாட்டைச் சாப்பிடவும் வழி கிடைத்தது. உலகின் மிகக் கடுமையான வேலையிடங்களில் ஒன்றில் நேர ஒழுங்கையே சாப்பாட்டுக்கு இடம் விட்டு வகுத்திருக்கிறார்கள்.

ஜனவரி 4, இரவு

ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். ஓடும் படகில் மூன்று வேளையும் கொதிக்கக் கொதிக்கச் சமையுங்கள் என்று நான் சொல்லவில்லை. முதல் நாள் சாப்பாட்டைக் கிளம்புவதற்கு முன்பே செய்து வைத்துவிடுங்கள். உட்காதுக்கும் கண்ணுக்கும் ஒத்துப்போகாத செய்தி போவதால்தான் கடல் குமட்டல் வருகிறது. கீழே கேபினில் அடுப்பின் முன் குனிந்து நிற்கும்போது கண்ணுக்கு எல்லாம் அசையாதது போலத் தெரியும், காதுக்கு எல்லாம் ஆடும். சூடும் வாசனையும் அதன்மேல் சேரும். பெரும்பாலானவர்களுக்கு இரண்டு மூன்று நாளில் உடம்பு பழகிவிடும். அதுவரை அவர்களை மேல்தளத்தில் வைத்து, தொடுவானத்தைப் பார்க்கச் சொல்லி, கொஞ்சம் கொஞ்சமாக ஏதாவது தின்னக் கொடுங்கள். சுக்கான் பிடிக்கச் சொன்னாலே பலருக்குத் தேவலையாகிவிடும்.

ஜனவரி 6

"தனியாகப் போகிறவர்கள் தனியாகத்தானே சாப்பிடுகிறார்கள்? ஜோஷுவா ஸ்லோகம் 1895-ல் கிளம்பி 1898-ல் உலகத்தையே சுற்றி முடிக்கவில்லையா?" என்று கேட்கிறார்கள்.

முடித்தார், உண்மை. அவருக்கு நடந்ததையும் பாருங்கள். அசோர்ஸ் தீவுகளில் கிடைத்த பிளம் பழத்தையும் வெள்ளைப் பாலாடைக்கட்டியையும் சேர்த்துத் தின்றுவிட்டு, நடுக்கடலில் வயிற்று வலியில் சுருண்டு கேபின் தரையில் கிடந்தார். வெளியே பெருங்காற்று. கொலம்பஸ் காலத்து 'பின்டா' கப்பலின் மாலுமி வந்து சுக்கான் பிடிப்பதாகக் காய்ச்சல் மயக்கத்தில் கண்டார். அவருடைய 'ஸ்ப்ரே' தானாகவே திசை பிசகாமல் ஓடக்கூடிய படகு, அதனால் பிழைத்தார். எத்தனை படகுகள் அப்படி ஓடும்?

தனியாள் தன் ஒரு உடம்பை மட்டும் கவனித்தால் போதும். மூன்று படகில் நண்பர்களைக் கூட்டிப் போகிறவருக்கு அத்தனை பேரின் உடம்பும் மனதும் பொறுப்பு.

ஜனவரி 7

கேள்வி கேட்டவர் ஒரு நாள் ஓட்டத்துக்கு 45 கடல் மைல் போட்டிருப்பதாக எழுதியிருக்கிறார். எனக்கு அது பிடிக்கவில்லை. சாப்பாட்டிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

பெரிய படகு சராசரியாக 5 நாட் (மணிக்கு 5 கடல் மைல்) ஓடும், சிறிய படகு 4 நாட் என்று வைத்துக்கொள்வோம். அடிக்கட்டின் நீர்மட்ட நீளம்தான் படகின் வேகத்துக்கு உச்சவரம்பு. நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்கினால் தோராயமான உச்ச வேகம் நாட் கணக்கில் வரும். நாள் முழுவதும் அந்த உச்சத்தில் யாரும் ஓடுவதில்லை, அதனால் குறைத்தே போட வேண்டும். 45 மைல் என்றால் பெரிய படகுக்கு 9 மணி நேரம், சிறியதற்கு 11 மணி நேரத்துக்கு மேல். காலை 6 மணிக்குக் கிளம்பினால் சின்னப் படகு மாலை ஐந்தேகால் வாக்கில் வந்து சேரும். வெளிச்சம் சாய்ந்திருக்கும். நங்கூரம் பாய்ச்சி, பாயை மடித்துக் கட்டி முடிக்கும்போது அந்தப் படகில் இருப்பவர்களுக்கு வாயைத் திறக்கவும் தெம்பு இருக்காது. கூடிச் சாப்பிடலாம் என்று கூப்பிட்டாலும் வர மாட்டார்கள்.

அதையே 30 மைல் ஆக்குங்கள், சுமார் 55 கிலோமீட்டர். சின்னப் படகும் பிற்பகல் ஒன்றரைக்கே வந்துவிடும். பழக்கமில்லாத நங்கூர இடத்துக்குள் சூரியன் உயரத்தில் இருக்கும்போது நுழைந்தால்தான் நீரின் நிறத்தைப் பார்த்துப் பாறையையும் மணல்திட்டையும் பிரித்தறிய முடியும். ஆக, எல்லாரும் ஒன்றாகச் சாப்பிட முடிகிற தூரமும் பத்திரமான தூரமும் பெரும்பாலும் ஒன்றாகவே வந்து நிற்கின்றன. நான் இப்போதெல்லாம் தூரத்தை முடிவு செய்வது இப்படித்தான்: மெதுவான படகு எத்தனை மணிக்கு வந்தால் அதில் இருப்பவர்கள் சிரித்த முகத்தோடு சாப்பிட வருவார்கள்?

ஜனவரி 7, பிற்பகல்

மேலே எழுதியதோடு காற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வானிலை அமைதியாக இருக்கும் நாட்களில் கரையோரத்தில் இரவும் விடியலும் நிலக்காற்று மெல்ல வீசும். நிலம் சூடாகிக் காலை கடந்தபின் கடற்காற்று கிளம்பி, பிற்பகலில் உச்சத்துக்கு வந்து, பொழுது சாய அடங்கும். விடியலிலேயே கிளம்பிவிட்டால் கடற்காற்றின் முரட்டுப் பொழுதில் நீங்கள் நங்கூரத்தில் இருப்பீர்கள்.

ஜனவரி 8

யார் சமைப்பது? எங்கள் கூட்டத்தில் முதலில் வந்து சேரும் படகு அடுப்பு மூட்டும், கடைசியில் வரும் படகு பாத்திரம் கழுவும்.

ஜனவரி 8, இரவு

மேலே உள்ளதை இன்னொரு தடவை யோசித்தேன். வேகமான படகுதான் எப்போதும் முதலில் வரும். அப்படியானால் ஒரே ஆள் தினமும் சமைப்பார், சின்னப் படகுக்காரர் தினமும் தேய்ப்பார். கொஞ்ச நாளுக்கு ஓடும், பயணம் நீண்டால் மனக்கசப்பு வரும். சமையலை முறைவைத்து மாற்றிக்கொண்டு, முதலில் வந்தவர் வெந்நீர் மட்டும் போட்டு வைப்பது என்று ஆக்கிக்கொண்டோம். கடைசியில் வருகிறவர் கையில் உடனே சூடான குடிநீர் ஏதாவது கிடைத்துவிடும். அந்த ஒரு கோப்பை செய்யும் வேலை பெரிது.

ஜனவரி 10

அடுப்பைப் பற்றிப் பலர் கேட்டதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

படகு சாயும்போது அடுப்பு சமமாக நிற்க வேண்டும். அதற்காகத்தான் முன்பின் ஓடும் அச்சில் அதைத் தொங்கவிடுகிறார்கள், ஜிம்பல் என்பது அதுதான். நங்கூரத்தில் இருக்கும்போது தாழ் போட்டு நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் கை வைத்தாலே சாயும். பாத்திரத்தைப் பிடித்துக்கொள்ளும் கம்பிக் கவ்வி கட்டாயம் வேண்டும். எந்தப் பாத்திரமும் பாதிக்கு மேல் நிரம்பக்கூடாது. என் ஓட்டு பிரஷர் குக்கருக்குத்தான். மூடி பூட்டிக்கொள்வதால் உருண்டு விழுந்தாலும் உள்ளே இருப்பது மேலே கொட்டாது, தண்ணீரும் எரிவாயுவும் மிச்சமாகும்.

அலையில் சமைக்கிறவர், வெயிலாக இருந்தாலும், மழைக்கான நீர்புகாக் கால்சட்டையை அணிந்துகொள்ளட்டும். பார்க்க விசித்திரமாக இருக்கும். கொதிக்கும் தண்ணீர் வெறும் தொடையில் விழுந்ததை நேரில் பார்த்தவன் என்பதால் இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. மருத்துவமனை பக்கத்தில் இல்லை என்பதை எப்போதும் நினைவில் வைத்திருங்கள்.

எரிவாயு சங்கதி இதைவிடப் பெரியது. சிலிண்டரில் வரும் வாயுக்களில் புரொப்பேன் காற்றைவிடச் சுமார் ஒன்றரை மடங்கு கனம், பியூட்டேன் ஏறத்தாழ இரண்டு மடங்கு. வீட்டில் கசிந்தால் தாழ்வாரம் வழியாகவோ கதவிடுக்கு வழியாகவோ வெளியேற வழி இருக்கலாம். படகில் போக இடமில்லை. தரைப்பலகைக்குக் கீழே பில்ஜில், அதாவது படகின் அடிப்பள்ளத்தில், போய்த் தேங்கி, ஒரு பொறிக்காகக் காத்திருக்கும். எனவே சிலிண்டர் இருக்க வேண்டிய இடம் மேலே தனிப்பெட்டி. அந்தப் பெட்டியின் அடியிலிருந்து வாயு நேராகக் கடல் பக்கம் வழிந்தோடத் துளை இருக்க வேண்டும். சமைத்து முடிந்ததும் முதலில் சிலிண்டர் வால்வை மூடுங்கள். குழாயில் மிஞ்சியது எரிந்து தானாகத் தீ அணையட்டும், அதன்பிறகு அடுப்புத் திருகை மூடுங்கள். விருந்தினர் யாராவது உதவிக்கு வந்தால் இந்த ஒன்றை மட்டும் அவரிடம் விடாமல் நீங்களே செய்யுங்கள்.

ஸ்பிரிட் அடுப்பில் பில்ஜில் தேங்கும் வாயு இல்லை என்பது நிம்மதி. ஆனால் பகல் வெளிச்சத்தில் அதன் சுடர் கண்ணுக்குத் தெரியாது, அணைந்துவிட்டது என்று நினைத்து எரியும் சுடர்மேலேயே ஸ்பிரிட்டை ஊற்றிவிடுவார்கள்.

ஜனவரி 11

சமைக்கிறவரை இடுப்பில் பட்டையால் கட்டி வைப்பது பற்றி. கட்டினால் இரண்டு கையும் வேலைக்குக் கிடைக்கும். கட்டாவிட்டால் கொதிப்பது கவிழும்போது தாவி விலகலாம். நான் கட்டுவதில்லை. கட்டிக்கொண்டே காலம் காலமாகச் சமைக்கிற நண்பர் ஒருவர் இருக்கிறார், அவர் பட்டை இல்லாமல் கீழே இறங்கவே மாட்டார். அவர் அடுப்புக்குப் பக்கவாட்டில் நிற்கும்படி பட்டையை மாட்டியிருக்கிறார், நேர் எதிரே நிற்பதில்லை. அதைப் பார்த்தபின் என் பிடிவாதம் கொஞ்சம் தளர்ந்தது.

ஜனவரி 14

காற்றோடு இறங்கும் பயணம் என்பதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டும். காற்று முதுகில் இருக்கும்போது படகு நிமிர்ந்து ஓடும், காக்பிட்டில் (சுக்கான் பிடிக்கும் திறந்த பள்ளத்தில்) வெயில் இதமாக இருக்கும், நண்பர்கள் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அந்தச் சுகத்தில்தான் காற்று ஏறுவது தெரியாமல் போகிறது.

மெய்யான காற்று 15 நாட், படகு 6 நாட் என்றால் உங்கள் மேல் படுவது 9 நாட்தான். காற்று 20 ஆகிறது, படகும் 7 ஆகிறது. இப்போது படுவது 13. "நல்ல காற்று" என்று இன்னொரு கரண்டி பரிமாறுவீர்கள். அந்த நிமிஷம் யாராவது தண்ணீரில் விழுந்து, படகை எதிர்க்காற்றில் திருப்ப வேண்டி வந்தால்? 5 நாட் வேகத்தில் காற்றுக்கு 45 பாகையில் ஏறினாலே சுமார் 24 நாட் முகத்தில் அடிக்கும். பாயின் மேல் விழும் அழுத்தம் காற்றின் வேகத்தின் வர்க்கமாகக் கூடுவது. 13-லிருந்து 24 என்றால் மூன்று மடங்குக்கு மேல். முழுப் பாயோடு அதைத் தாங்க முடியாது.

அதனால் எங்கள் படகில் சாப்பாடு மேலே வருவதற்கு முன் ஒருவர் எழுந்து பின்பக்கம் திரும்பி, அலைமுகட்டு நுரையைப் பார்ப்பார், காற்றுமானியைப் பார்ப்பார். பாயைச் சுருக்கலாமா என்று தோன்றினால் சுருக்கிவிட்டுத்தான் தட்டு. ஆறிப்போகட்டும், பரவாயில்லை.

பாயின் அடியை விரித்துப் பிடிக்கும் பூம் கட்டையை முன்பக்கமாக இழுத்துக் கட்டிவிடுவதும் அப்போதே நடக்கும். தட்டை நீட்ட எழுந்து நிற்கிறவர் தலைக்கு மேல் கட்டை திடீரென்று பக்கம் மாறினால் என்ன ஆகும் என்று விவரிக்க விருப்பமில்லை.

ஜனவரி 15

நன்னீரை மிச்சம் பிடிக்க: திறந்த கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. மூன்றில் ஒரு பங்கு கடல்நீர், இரண்டு பங்கு நன்னீர் கலந்தால் லிட்டருக்கு ஏறத்தாழ 12 கிராம். வேகவைத்து வடிக்கிற எதற்கும் அது சரியான உப்பு. தோலோடு உருளைக்கிழங்கையும் முட்டையையும் முழுக் கடல்நீரிலேயே வேகவைக்கலாம். துறைமுகத்துக்குள்ளும் ஆற்றுமுகத்திலும் நீர் எடுக்கக்கூடாது.

ஜனவரி 17

மேலே சொன்னது வடிக்கிறவற்றுக்குத்தான். அரிசியில் அந்த அளவில் ஒருவர் போட்டுப் பார்த்துக் கரித்ததாக எழுதியிருக்கிறார். குக்கரில் அரிசி தண்ணீரை முழுக்கக் குடித்துவிடும், உப்பும் உள்ளேயே தங்கும். பத்தில் ஒரு பங்கு கடல்நீரில் தொடங்கிப் பாருங்கள்.

என்னென்ன எடுத்துப் போகலாம் என்றும் அவரே கேட்கிறார். குளிர்பெட்டி இல்லாமலே வாரக்கணக்கில் தாங்குபவை வெங்காயம், உருளைக்கிழங்கு, பூசணி, எலுமிச்சை, முட்டைக்கோஸ். முட்டைக்கோஸைக் கத்தியால் பிளக்காமல் வெளி இலையிலிருந்து ஒவ்வொன்றாக உரித்தெடுங்கள், நெடுநாள் வரும். கழுவாத, ஒருமுறைகூடக் குளிரூட்டாத முட்டையும் தாங்கும். கடையிலேயே குளிரில் இருந்தது என்றால் தாங்காது. அட்டைப்பெட்டியைப் படகுக்குள் ஏற்றாதீர்கள், கரப்பான் முட்டை அதன் மடிப்பில் வரும்.

வைட்டமின் சி குறைவதால் வரும் ஸ்கர்வி நோய் பற்றிய பயம் உங்களுக்கு வேண்டியதில்லை, கரையோரப் பயணத்தில் பழம் கிடைத்துக்கொண்டே இருக்கும். 1747-ல் 'சாலிஸ்பரி' கப்பலில் ஜேம்ஸ் லிண்ட் 12 நோயாளிகளை இருவர் இருவராகப் பிரித்து ஆறு வகை வைத்தியம் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் கிடைத்த இருவரே விரைவில் எழுந்தார்கள். ஆனாலும் பிரிட்டிஷ் கடற்படை எலுமிச்சைச் சாற்றைப் பரவலாகக் கொடுக்க 1795 ஆயிற்று. அத்தனை ஆண்டுகளில் செத்தவர்களை நினைத்தால் இன்னும் மனது ஆறவில்லை.

ஜனவரி 20

மூன்று படகையும் பக்கத்தில் பக்கத்தில் கட்டிக்கொண்டு ஒன்றாகச் சாப்பிடலாமா? அமைதியான, காற்று மறைவான இடத்தில் செய்யலாம். பெரிய படகு மட்டும் நங்கூரம் பாய்ச்சட்டும். எவ்வளவு சங்கிலி விடுவது என்று கணக்கிட, ஆழத்தோடு அணியத்தின் (படகின் முன்முனையின்) உயரத்தையும் ஏறப்போகும் ஓதத்தையும் கூட்டிக்கொள்ளுங்கள். நீர் 4 மீட்டர், அணியம் 1, ஓதம் 2 என்றால் 7. சங்கிலியானால் அதன் ஐந்து மடங்கு, 35 மீட்டர். கயிறு அதிகமாக இருந்தால் ஏழு மடங்கு. மூன்று படகின் இழுப்பு என்பதால் இன்னும் தாராளமாகவே விடுவேன்.

பாய்மரங்கள் ஒரே வரிசையில் நேருக்கு நேர் வரக்கூடாது. ஒரு படகை முன்னும் ஒன்றைப் பின்னும் தள்ளிக் கட்டுங்கள். தூரத்தில் போகும் கப்பலின் அலை வந்தால் படகுகள் எதிரெதிராக உருளும், மேலே பாய்மரக் குறுக்குக் கைகள் மோதிக்கொள்ளும். சாப்பிட்டு முடிந்ததும் பிரிந்துபோய்த் தனித்தனி நங்கூரத்தில் தூங்குங்கள். "காலையில் பார்த்துக்கலாம்" என்று யாராவது சொல்வார்கள், கேட்காதீர்கள்.

ஜனவரி 21

டிங்கி எனும் சிறு துணைப்படகில் அடுத்த படகுக்குச் சாப்பிடப் போகிறவர்களுக்கு: கிளம்பும் முன் உங்கள் படகின் நங்கூர விளக்கைப் போட்டுவிட்டுப் போங்கள். போகும்போது பொழுது இருக்கிறது என்று விட்டுவிட்டுப் போய், திரும்பும்போது இருட்டில் தன் படகையே தேடி அலைகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மிதவைச் சட்டை, கைவிளக்கு, துடுப்பு, மோட்டார் இருந்தாலும் துடுப்பு. பயணம் முழுவதும் உஷாராக இருந்தவர்கள் வயிறு நிறைந்து சிரித்துக்கொண்டே டிங்கியில் இறங்கும் அந்த ஒரு நிமிஷத்தில்தான் எனக்குப் பயம்.

உங்கள் தட்டு, கோப்பை, கரண்டியை நீங்களே எடுத்துப் போய், அழுக்கோடு திரும்பக் கொண்டுவந்து உங்கள் படகில் கழுவுங்கள். விருந்து வைத்தவரின் நன்னீர்த் தொட்டி காலியாகாது.

ஜனவரி 24

"தோல், எலும்பு, மிச்சமெல்லாம் மீனுக்குத்தானே, கடலில் போட்டால் என்ன?"

கரையோரத்தில் போடக்கூடாது. கப்பல்களால் கடல் மாசுபடுவதைத் தடுக்கும் மார்போல் உடன்படிக்கையின் ஐந்தாம் இணைப்பின்படி உணவுக் கழிவைக் கரையிலிருந்து 12 கடல் மைலுக்கு அப்பால்தான் போடலாம். 25 மில்லிமீட்டருக்குள் அரைத்துவிட்டால் 3 மைலுக்கு அப்பால். சில கடல்களில் விதி இதைவிடக் கடுமை. நீங்கள் போகப்போவது கரையை ஒட்டி. ஆகவே இறுக்கமான மூடி போட்ட வாளி ஒன்று பின்பக்கம் இருக்கட்டும். பிளாஸ்டிக்கை எந்தக் கடலிலும், எவ்வளவு தூரத்திலும் போடக்கூடாது. கிளம்பும் முன்பே உறைகளைப் பிரித்துக் கரையிலேயே போட்டுவிட்டு, பொருளை டப்பாவில் கொட்டிக்கொண்டு வந்தால் பாதித் தொல்லை தீர்ந்தது.

ஜனவரி 27

கேள்வி கேட்டவர் மனம் மாறியிருக்கிறார், தூரத்தையும் 30 மைலாகக் குறைத்திருக்கிறார். மகிழ்ச்சி. ஆனால் சின்னப் படகில் ஒற்றை அடுப்பும் இரண்டு பாத்திரமும்தான், அவர்களைச் சமையல் முறையிலிருந்து விட்டுவிடலாமா என்று கேட்கிறார்.

விடாதீர்கள். இரக்கப்பட்டு விட்டுவிட்டால் அவர்கள் ஒவ்வொரு நாளும் விருந்தாளியாகவே வந்து உட்கார வேண்டும், கொஞ்ச நாளில் "களைப்பாக இருக்கிறது" என்று சொல்லி வராமலே இருந்துவிடுவார்கள். அடுப்பு சின்னதாக இருந்தால் அடுப்பு வேண்டாத வேலையைக் கொடுங்கள். முந்தின நாளே ஊறவைத்த பயறு, நறுக்கிய பழம், எலுமிச்சை பிழிந்த காய்க் கலவை. அவர்கள் முறை வரும் நாளில் பெரிய படகின் அடுப்பை அவர்களிடம் ஒப்படைத்துவிட்டு, பெரிய படகுக்காரர்கள் காய் நறுக்கட்டும். சிலிண்டர் வால்வை மூடுவதை மட்டும் பெரிய படகுக்காரர்களே செய்யட்டும்.